கிருஷ்ணகிரிப் பாறையில் ஈசல்கண்ணி: இல்லாத செடிக்கு இயற்கை வரலாறு

கேள்வி இது: ராயக்கோட்டைப் பக்கத்துப் பாறைக் குன்றில் நடக்கும் ஒரு சிறார் நாவலுக்கு, உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு பூச்சியுண்ணும் செடி வேண்டும். ஆட்டுக்குட்டியைப் பிடித்து விழுங்கும் அளவுக்குப் பெரிதாக வைக்கலாமா? தாவரவியல் படித்தவர் வாசித்தாலும் நம்ப வேண்டுமென்றால் இலை, பூ, விதை, எதிரி எல்லாவற்றையும் எப்படி அமைப்பது?

ஆட்டுக்குட்டியை முதலில் விட்டுவிடுங்கள். 1874இல் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் மடகாஸ்கரின் ஆள்தின்னி மரம் என்று ஒரு கட்டுக்கதை வந்தது. அன்றிலிருந்து ஊனுண்ணிச் செடி என்றாலே பெரிய வாய், பெரிய இரை என்றே எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட மரம் எங்கும் கிடைக்கவில்லை, இருக்கவும் வழியில்லை. செடிக்கு வயிறு இல்லை. இலையின் உட்பரப்பில் சுரக்கும் நீர், தொட்ட இடத்தை மட்டும் கரைக்கும். இரை பெரிதாகப் பெரிதாக அதன் உட்பகுதிக்கு அந்த நீர் போய்ச் சேராது; அதற்குள் பாக்டீரியா முந்திக்கொண்டு அழுகல் தொடங்கும், இலையும் சேர்ந்து அழுகும். இரு மடல் இலையை மூடிப் பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் பூச்சிப்பொறியை வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். பொறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிய பூச்சியை வைத்தால் இலை மூடியபடியே கருத்துப்போகும். போர்னியோவின் நெப்பந்தஸ் ராஜா என்ற குடுவைச் செடியின் குடுவை 2 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். எப்போதாவது எலி விழுந்து செத்ததுண்டு. அதற்கே அன்றாடத் தீனி எறும்பும், மர மூஞ்செலிகள் குடுவை விளிம்பில் உட்கார்ந்து உள்ளே இட்டுப்போகும் எச்சமும்தான்.

ஆகவே "எவ்வளவு பெரிய இரை" என்று தொடங்காதீர்கள். "இந்த இடத்தில் செடிக்கு எது கிடைக்கவில்லை" என்று தொடங்குங்கள். செடி பூச்சியைத் தின்பது மாவுச்சத்துக்காக அல்ல. அதை வெயிலிலேயே செய்துகொள்ளும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான் அதற்கு வேண்டும். பொறி கட்டுவதற்கும் செலவு உண்டு, ஏனென்றால் பொறியான இலை பச்சை இலை போல உழைக்காது. இந்த வரவு செலவைத் தாவரவியலாளர் தாமஸ் கிவ்னிஷும் உடனிருந்தவர்களும் 1984இல் தெளிவாக எழுதிவைத்தார்கள்: வெயில் தாராளம், ஈரம் தாராளம், மண்ணில் சத்து மட்டும் இல்லை என்ற இடத்தில்தான் பூச்சியுண்பது கட்டுப்படியாகும். நிழலான காட்டுக்குள் கட்டுப்படியாகாது. எரு போட்ட மாந்தோப்பிலும் கட்டுப்படியாகாது.

கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கரடுகளில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்றே ஒன்று: பாறைச் சரிவில் சுனைக்குக் கீழே ஈரம் கசியும் விளிம்பு. கருங்கல்லில் வழியும் மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. பாறைக் குழியில் தேங்கிய மண் மூன்று நான்கு விரல்கடைதான், அதுவும் சிதைந்த கல்லின் மணல். அதிலிருக்கும் சத்தை ஒவ்வொரு மழையும் அலசிக் கீழே கொண்டுபோய்விடும். மேலே மரம் இல்லை, வெயில் நேராக விழும். இயற்கையிலும் அழுகண்ணி என்று நாம் சொல்லும் டிரோசீராவும், நீர்ப்பைச் செடியான யூட்ரிகுலேரியாவின் தரைவாழ் இனங்களும் தமிழ்நாட்டில் இத்தகைய ஈரப் பாறைகளையும் மணல் தாழ்வுகளையும்தான் தேடிப் பிடிக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் செடியின் வடிவத்தைத் தீர்மானிக்கப்போவது அதுதான். இந்த மாவட்டங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. மே மாதத்தில் கோடை மழை, பிறகு ஒரு இடைவெளி, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நல்ல மழை. தை பிறந்தால் கசிவு நின்றுவிடும். சித்திரையில் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஈரம் நான்கைந்து மாதம், வறட்சி ஏழெட்டு மாதம். இதைச் சமாளிக்க நிஜச் செடிகள் பல வழி வைத்திருக்கின்றன. டிரோசீரா இண்டிகா ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்துச் செத்து, வறட்சியை விதையாகக் கடக்கிறது. மலைகளில் வளரும் டிரோசீரா பெல்டேட்டா மண்ணுக்குள் சிறு கிழங்காகச் சுருங்கிக்கொள்கிறது. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோவின் காய்ந்த சரளை மண்ணில் வாழும் டிரோசோஃபில்லம் என்ற பூச்சியுண்ணிச் செடி பனியையும் மூடுபனியையும் நம்பிக் கோடையிலும் பசையோடு நிற்கிறது. மூன்றாவது வழி ராயக்கோட்டைக்கு ஆகாது. அந்தக் கடலோர மூடுபனி இங்கே கோடையில் கிடையாது. கிழங்கு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலுக்கும் அதுதான் வசதி: எட்டு மாதம் செடி கண்ணிலேயே படாது.

இனி இரை. வெறும் "பூச்சி" என்று எழுதினால் செடிக்கு உயிர் வராது. எந்தப் பூச்சி, எந்த மாதம், எந்த நேரம், ஏன் இந்தச் செடியிடம் வருகிறது என்று சொல்ல வேண்டும். கரட்டுப் பாறையில் மழைக்காலத்தில் ஒரே நாளில் மலைபோலக் குவியும் இரை ஈசல். 'அந்தி ஈசல் பூத்தால் அடைமழை' என்று சொல்லும் ஊரில் அதை விட்டுவிட்டு வேறு இரை தேட வேண்டியதில்லை. ஈசல் தரையில் இறங்கியதும் சிறகை உதிர்க்கும். பெண் முன்னே நடக்க ஆண் அதன் வாலோடு ஒட்டிப் பின்னே நடக்கும். இரண்டும் சேர்ந்து புதுப் புற்று தொடங்க ஈரமான, இருட்டான ஒரு இடுக்கைத் தேடும். கொல்லையில் இறங்கிய ஜோடிக்கு ஆயிரம் இடுக்கு உண்டு. மொட்டைப் பாறையில் இறங்கிய ஜோடிக்கு மண் இருக்கும் ஒரே இடம் அந்தக் குழிதான்.

ஆகவே உங்கள் செடி இரையைத் துரத்த வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், வாயை மூடவும் வேண்டாம். ஈசல் தேடும் இடுக்கு போலப் பாசாங்கு செய்தால் போதும். இதற்கு ஈசல்கண்ணி என்று பெயர் வைக்கலாம். கண்ணி என்றால் பொறி. அழுகண்ணி, தொழுகண்ணி என்ற மூலிகைப் பெயர்களோடும் ஒத்துப்போகும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வாயில் இந்தப் பெயர் இயல்பாக வரும்.

உறவுமுறையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். யூட்ரிகுலேரியா குடும்பத்தில் ஜென்லிசியா என்று ஒரு பேரினம் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது, இந்தியாவில் இல்லை. மேலே சிறிய பச்சை இலை வட்டம், மண்ணுக்குள் வெளிறிய குழாய் இலைகள், குழாய்க்குள் உள்நோக்கிச் சாய்ந்த மயிர்கள். நுண்ணுயிர்கள் உள்ளே போகலாம், திரும்ப முடியாது. ஈசல்கண்ணியை இதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்தக் குடும்பத்தில் ஜென்லிசியாவுக்கும் யூட்ரிகுலேரியாவுக்கும் உண்மையான வேரே கிடையாது. உங்கள் செடிக்கும் வேர் வேண்டாம். வேர் இல்லாததால்தான் அது கசிவு விளிம்பை விட்டு ஒரு முழம்கூட நகர முடியாது. இந்த ஒரே குறை அதன் வாழிடத்தை முழுக்க விளக்கிவிடும்.

உடலமைப்பை அளவோடு எழுதுங்கள். பாறையோடு படிந்த இலை வட்டம், குறுக்களவு 6 முதல் 7 செ.மீ. கரண்டி வடிவில் 10, 12 பச்சை இலைகள், ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. அவற்றுக்கு இடையிலிருந்து 8 குழாய் இலைகள் சாய்வாக மண்ணுக்குள் இறங்குகின்றன. நீளம் 3 செ.மீ., வாய் 5 மி.மீ., உள்ளே போகப் போக 3 மி.மீ. அடியில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குமிழ். இந்த அளவுகள் ஈசலிலிருந்து வருகின்றன: சிறகு உதிர்ந்த ஈசலின் உடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், அது நுழையலாம், திரும்ப இடம் இருக்காது. வாயை 10 மி.மீ. ஆக்கினால் தேரைக்குஞ்சும் நுழையும், அழுகும். 3 மி.மீ. ஆக்கினால் சித்தெறும்பு மட்டும் விழும், செலவுக்கு வரவு கட்டாது.

மயிர்கள் மூன்று விதம் வேண்டும். வாயோரத்தில் ஈர மண்ணின் வாடை தரும் சுரப்பி மயிர்கள். நடுவில் உள்நோக்கிச் சாய்ந்த விறைப்பான மயிர்கள். குமிழுக்குள் செரிமான நீரைச் சுரந்து சத்தை உறிஞ்சும் காம்பில்லாச் சுரப்பிகள். எப்போதும் நீர் நிறைத்து வைக்க வேண்டாம். இந்த வெயிலில் அது வீண்செலவு. இரை உள்ளே துடிக்கும்போதுதான் சுரக்க வேண்டும். வீனஸ் பூச்சிப்பொறி இதற்கு நல்ல முன்மாதிரி: ஏறத்தாழ 20 விநாடிக்குள் இரண்டு தொடுகை பட்டால் மூடும்; உள்ளே அகப்பட்டது மேலும் அசைந்து எண்ணிக்கை ஐந்தை எட்டினால்தான் செரிமானச் சுரப்பு முடுக்கிவிடப்படும். மழைத்துளி தட்டியதற்கெல்லாம் செலவு செய்யாமலிருக்க இந்தக் கணக்கு. ஈசல்கண்ணியிலும் அப்படியே வையுங்கள். சுரப்பது இரண்டு மூன்று துளி, புளிப்புத் தன்மை அதிகம். புளிப்பு இருந்தால் புரதம் கரைக்கும் நொதி வேலை செய்யும், அழுகலும் கட்டுப்படும். ஒரு ஜோடி கரைய எட்டு முதல் பத்து நாள். ஓடும் தலையும் குமிழில் மிஞ்சும்.

இப்போது கணக்கு. இதைச் செய்யாமல் எந்தக் கற்பனைச் செடியும் நிற்காது. முழுச் செடியின் உலர் எடை 0.6 கிராம் என்று வைப்போம். இத்தகைய செடிகளில் தழைச்சத்து குறைவு, 1.5 சதம் என்றால் 9 மில்லிகிராம். பாதியை இரையிலிருந்து எடுக்கிறது என்றால் தேவை 4.5 மில்லிகிராம். ஒரு ஈசலின் உலர் எடையை 20 மில்லிகிராம் என்று எடுப்போம். பூச்சியுடலில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். ஈசலில் கொழுப்பு மிகுதி என்பதால் 6 சதமாகக் குறைத்துக்கொண்டால் 1.2 மில்லிகிராம். அதில் 60 சதம் செடிக்குச் சேர்ந்தால் 0.72. ஆக ஓராண்டுக்கு ஆறேழு ஈசல், அதாவது மூன்று ஜோடி. எட்டுக் கண்ணியில் மூன்று பலித்தால் செடி பிழைத்தது! அதே கணக்கை ஆட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ ஆட்டில் ஆறில் ஒரு பங்கு புரதம், புரதத்தில் 16 சதம் நைட்ரஜன். 500 கிராமுக்கு மேல் வரும். 60 சதம் கிடைத்தாலும் ஏறத்தாழ எழுபதாயிரம் ஈசல்கண்ணிகளின் ஓராண்டுத் தேவை அது. இந்தப் பசி சின்னது என்பதுதான் ஊனுண்ணிச் செடிகளின் அழகு. உங்கள் வாசகச் சிறுவர்களுக்கு அரக்கனைவிட இது அதிகம் பிடிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மழை இந்தப் பொறியைக் கெடுக்கும். தரைமட்டத்தில் வாய் இருந்தால் முதல் மழையிலேயே மணல் நிரம்பிவிடும். எனவே வாயைச் சுற்றி 3 மி.மீ. உயர விளிம்பும், சரிவின் மேல்பக்கத்திலிருந்து கவிந்த ஒரு சிறு மடலும் வேண்டும். உள்ளே புகுந்த மிகைநீர் வழிய, கீழ்ச்சரிவுப் பக்கம் ஒரு கீறல். தென் அமெரிக்காவின் ஹீலியாம்ஃபோரா குடுவைகளில் இப்படி வடிகால் கீறல் உண்டு. மடல் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். படம் வரைபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பருவச் சுழற்சியில் பலரும் தவறுவது கோடை மழையில். மே மாதம் ஒரு பெருமழை பெய்ததும் எல்லாக் கிழங்கும் விழித்துக்கொண்டால் ஜூன் வெயிலில் மொத்தமும் கருகும். ஆகவே விதைகளில் ஒரு பகுதி மட்டும் கோடை மழைக்கு முளைக்கட்டும். மிச்சம் ஆகஸ்ட் மழைக்குக் காத்திருக்கட்டும். கிழங்குக்கு இன்னும் கடுமையான விதி: பாறை தொடர்ந்து பத்து நாள் நனைந்திருந்தால்தான் அசையும். செப்டம்பரில் இலை வட்டம் விரியும், அந்த மாத இறுதிக்குள் குழாய்கள் தயார். ஐப்பசி ஈசலில் இரை. கார்த்திகையில் பூ. மார்கழி முடிவில் இலைகளின் சத்து முழுவதும் ஒரு சென்டிமீட்டர் கிழங்கில் இறங்கி, மேலே காய்ந்த சருகு மட்டும் நிற்கும். கிழங்கு மண்ணில் அல்ல, பாறை வெடிப்பில் இருக்க வேண்டும். மேல்மண் சூட்டில் அது வெந்துவிடும். செடிகள் குன்றின் வடசரிவில் அதிகம் என்றும் எழுதலாம். நம் அட்சரேகையில் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு நண்பகல் சூரியன் தெற்கே சாய்கிறது. வடசரிவு ஓரிரு வாரம் கூடுதலாக ஈரம் காக்கும்.

பூவில் ஒரு முரண் உண்டு: மகரந்தம் கொண்டுவரும் பூச்சியைச் செடியே தின்றுவிடக் கூடாது. நிஜச் செடிகள் பல நீண்ட காம்பில் பூவைத் தூக்கிவைக்கின்றன. ஈசல்கண்ணிக்கும் 12 செ.மீ. காம்பு, உச்சியில் இரண்டு மூன்று ஊதாப் பூக்கள், இந்தக் குடும்பத்துக்கே உரிய இரு உதடும் பின்னால் ஒரு கொம்பும். காலை ஏழு மணிக்கு விரிந்து உச்சிக்குள் மூடும், கொசுத்தேனீ வந்துபோகும். கண்ணியோ அந்திக்குத்தான் வாடை விடும். இடத்தாலும் நேரத்தாலும் இரண்டையும் பிரித்தாயிற்று.

விதை தூசி போல, அரை மில்லிமீட்டர். மழைத்துளி தெறித்து வெளியே விழும், மிதந்து அடுத்த குழியின் விளிம்பில் ஒதுங்கும். மேலிருந்து கீழ்தான் போகும், குன்றிலிருந்து குன்றுக்கு மிக அரிது. அதனால் ஒவ்வொரு கரடும் ஒரு தீவு. ராயக்கோட்டைக் குன்றில் மடல் வட்டமாகவும் அஞ்செட்டிப் பக்கம் கூராகவும் இருக்கிறது என்று எழுதினால் தாவரவியலாளர் தலையசைப்பார்.

எதிரிகளில் முதலில் தேரை. அதே அந்தியில் அதே ஈசலுக்கு வந்து வாயருகே உட்கார்ந்துகொள்ளும். நெப்பந்தஸ் குடுவைகளில் வாழும் நண்டுச் சிலந்திகள் உண்டு. அப்படி ஒரு சிலந்தி கண்ணி வாயில் காத்திருந்து ஜோடியில் ஒன்றைப் பிடுங்கலாம், அதன் எச்சம் செடிக்குச் சேரலாம். திருட்டா கூட்டா என்று சொல்ல முடியாத இந்த உறவுகள்தான் இயற்கை வரலாற்றில் வாசிக்கச் சுவையானவை. இரண்டு பக்கம் இதற்கே ஒதுக்குங்கள். ஆடு தின்னாது, மிதிக்கும். மயில் உட்காரும் பாறைக்குக் கீழே எச்சத்தின் சத்து வழிந்துவரும். அங்குள்ள செடிகளில் கண்ணி இரண்டு மூன்றாகக் குறைந்து தட்டை இலை பெருகும். வட அமெரிக்கக் குடுவைச் செடியான சாரசீனியாவுக்கு நைட்ரஜன் கூடுதலாகக் கொடுத்த ஆய்வில் இதுதான் நடந்தது. பொறி சுருங்கி வெறும் இலை அகன்றது. சத்து இன்னும் கூடினால் புல் வந்து மூடிவிடும். கல் குவாரித் தூசி வேறு வகையில் கொல்லும். வாயோர மயிர்களில் படிந்தால் வாடையும் இல்லை, வழுக்கலும் இல்லை.

நாவலை எழுதுமுன் நிஜ அழுகண்ணியை ஒரு பருவம் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்ப்பவரிடம் விதை வாங்கி. உப்பு போக மூன்று முறை அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கழுவிய கரட்டு மணல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் தொட்டி, மண்தொட்டியின் சுவரில் உப்பு சேரும். கீழே தட்டில் ஒரு சென்டிமீட்டர் நீர். வெயில் நான்கு மணி நேரமாவது. உரம் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. தண்ணீர் மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர், டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) 50க்குக் கீழ். இந்த மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, ஃப்ளூரைடுக்குப் பெயர்போனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். அந்த நீர் இந்தச் செடிகளுக்கு ஆகாது.

உங்கள் கதைக்கு இது நேராகவே பயன்படும். பையன் செடியைக் கண்டுபிடிப்பது ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில்தான் நடக்கும்: பாறை முழுவதும் உதிர்ந்த சிறகுகள், ஒரு குழியில் மட்டும் அவை வட்டமாகக் கூடிக் கிடக்கும், குனிந்து பார்த்தால் எட்டுத் துளைகள். அவன் அதைப் பெயர்த்துக்கொண்டு போனால் கிழங்கு வெடிப்பிலேயே நின்றுவிடும். இலை வட்டம் மட்டும் கையோடு வரும். வீட்டுத் தொட்டியில் ஆழ்துளைத் தண்ணீர் ஊற்றினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரம் மண்மேல் வெள்ளை உப்புப் படியும், இலை நுனி பழுக்கும். பிறகு கண்ணி வாய்கள் சுருங்கும், புது இலை வளைந்து குட்டையாக வரும், நடுக்குருத்து கருக்கும். குன்றில் விட்டுவந்த கிழங்கு அடுத்த ஆவணியில் ஒரே ஒரு தட்டை இலை விடும்; கண்ணி போடும் அளவுக்குத் தேற அதற்கு இன்னும் இரண்டு பருவம் ஆகும்.